கிரீஸ் டின்

பத்தொன்பது வருடத்தில் இந்த வீட்டில்
எனக்குத் தெரியாத இடமென்று
ஒன்று இருந்தாக வேண்டும். சட்டம் அப்படி.
உரிமம் அவருடையது, துவக்கு அவருடையது,
இரும்பு அலுமாரியின் சாவி கிடக்கும் இடம்
கட்டின பெண்சாதிக்கும் தெரியக் கூடாது.

க்ரிஃபித் போலீஸிலிருந்து
கெர்ரி வந்து சோதித்துப் போவாள்.
சுவரில் முடுக்கிய நாலு ஆணியையும்
ஆட்டிப் பார்ப்பாள், அசையாது.
தேத்தண்ணிக்குச் சீனி கலக்கியபடி என்னைக் கேட்பாள்,
சாவி எங்கே தெரியுமா?
தெரியாது என்பேன்.
அதுதான் சரியான பதில்.

அவருடைய இன்சுலின் அளவு தெரியும்.
வங்கி அட்டையின் நாலு எண்ணும் தெரியும்.
எந்த ஊரின் பேரைச் சொல்லிக்கொண்டு
நித்திரையில் எழும்புவார் என்று தெரியும்.
சாவி மட்டும் தெரியாது.

தெரியும்.
மூன்றாம் வருடமே தெரியும்.
பம்பு அறையில், துருவேறிய டின்னுக்குள்,
கிரீஸுக்கு அடியில், பொலித்தீனில் சுற்றி.
பம்பு நின்றுபோன ஒருநாள்
விரலில் தட்டுப்பட்டது.
மறுபடி புதைத்துவிட்டு வந்து
மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன்.

நரிக்கு அவர் வெடி வைக்கும் இரவுகளில்
எத்தனை வெடி என்று எண்ணிக்கொண்டு கிடப்பேன்.
பழக்கதோஷம்.
முடித்து வைக்கிற சாமானுக்குத்
துவக்கு என்று பேர் வைத்தவன்
என்ன நினைத்து வைத்தானோ.

வாய்க்காலில் தண்ணீர் விடாத வருடம் வந்தது.
தோடை மரங்களை வேரோடு பிடுங்கி
வரிசை வரிசையாக எரித்தோம்.
வங்கிக் கடிதங்களை உடைக்காமலே
குளிர்ப்பெட்டிக்கு மேல் அடுக்கினார்.
சோற்றைப் பிசைவார், பிசைந்துகொண்டே இருப்பார்.
ஒரு விடியப்புறம்
பம்பு அறை வாசலில் நின்றார்.
தண்ணீரே இல்லை,
பம்பிடம் என்ன வேலை?

அன்றிரவு டின்னைத் தூக்கிக்கொண்டு
புரூனோ வீட்டுக் கதவைத் தட்டினேன்.
பக்கத்துத் திராட்சைத் தோட்டம்,
அவனிடமும் உரிமம் உண்டு.
நான் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை.
உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து
ஒரு போத்தல் தக்காளிக் குழம்பு தந்தான்.
வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம்.

அவர் தேடினாரா, தெரியாது.
அந்த வருடம் நரிகள்
கோழிகளை ஒன்றும் விடாமல் தின்று தீர்த்தன.
"அதுக்கும் பசிக்கும்தானே" என்றார்.
அதற்கு மேல் பேச்சில்லை.
அடுத்த மாரியில் மழை வந்தது.
கடிதங்களை ஒவ்வொன்றாக உடைத்தார்.

இப்போது, நெஞ்சைப் பிளந்து தைத்து
வீடு வந்து ஆறு கிழமை.
மேசையில் இருந்து எழுதுகிறார்,
வக்கீலுக்கு ஆங்கிலத்தில் ஒன்று,
எனக்குத் தமிழில் ஒன்று.
நான் வெண்டிக்காய் நறுக்குகிறேன்.
டிராக்டர் யாருக்கு, கடன் எவ்வளவு,
நாய்க்கு எந்த மருந்து என்று போய்க்கொண்டிருந்தது.
பிறகு கொஞ்சம் சத்தமாக:

"துவக்கு இரண்டையும்
நான் போன உடனே போலீஸில் ஒப்படைக்க வேண்டும்.
முதலில் கெர்ரிக்கு அடி.
நீ அலுமாரியைத் தொடக் கூடாது.
சாவி புரூனோவிடம் இருக்கிறது,
பதினொரு வருடமாக."

கத்தி பலகையில் நின்றது.
கெர்ரி வருகிற நாட்களில் எல்லாம்
விடியவே எழும்பி
தக்காளி வாங்க என்று அங்கே போனாரே.
எடுத்துக்கொண்டு வந்து, திறந்து காட்டி,
பின்னேரமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்.
ஒவ்வொரு முறையும்.
எங்கள் தோட்டத்திலேயே தக்காளி கிடந்தது.

"எழுத்துப் பிழை பார்" என்று
கடதாசியை என் பக்கம் தள்ளினார்.
பார்த்தேன்.
புரூனோவின் ரூவைக் குறிலாக எழுதியிருந்தார்.
நெடில் வரும் என்றேன்.
திருத்தினார். பேனையை மூடினார்.

"அந்த டின்னையாவது திருப்பி வாங்கியிருக்கலாம்.
பாதிக்கு மேல கிரீஸ் கிடந்தது."